மெஷின் 98, 97 என்றது. கால் மட்டும் சில்லென்று இருந்தது

எங்கள் மகள் பிறந்து 26 மணி நேரம் ஆனபோது ஒரு சிஸ்டர் வந்து அவளுடைய வலது உள்ளங்கையிலும் அப்புறம் பாதத்திலும் பட்டை மாதிரி ஒரு சென்சாரைச் சுற்றி ஒட்டினார். ரத்தத்தில் ஏறியிருக்கும் ஆக்சிஜன் அளவு கையில் 98 சதவீதம், காலில் 97. "ஹார்ட் ஸ்கிரீனிங் பாஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஃபைலில் எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியை அடுத்த ஆறு நாளில் எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை. பால் குடிக்கும்போதே தூங்கிப்போகிறாளா, பரவாயில்லை, இதயம்தான் நன்றாக இருக்கிறதே. வேகமாக மூச்சு விடுகிறாளா, சளியாக இருக்கும், இதயம்தான் நன்றாக இருக்கிறதே. ஏழாம் நாள் இரவு ஐசியூ கதவுக்கு வெளியே நின்றபோதுதான் அந்த வரிக்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அவளுக்கு இருந்தது கோஆர்க்டேஷன். இதயத்திலிருந்து கிளம்பி, மேலே போய், கைப்பிடி போல வளைந்து, உடம்பின் கீழ்ப்பாதிக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று இருக்கிறதல்லவா, பெருந்தமனி, அந்த வளைவு முடிகிற இடத்தில் ஒரு சுருக்கம். தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் சுருக்கத்துக்கு முன்னாலேயே பிரிந்துவிடுவதால் அவற்றுக்குக் குறைவில்லை. வயிறு, சிறுநீரகம், குடல், கால்கள் எல்லாம் சுருக்கத்துக்குப் பின்னால்.

ஸ்கிரீனிங் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பரிசோதனைதான் பக்கத்துக் கட்டில் குழந்தையைக் காப்பாற்றியது, அதையும் சொல்கிறேன். அந்த எண் எதைப் பேசுகிறது, எதைப் பேசாது என்பதை யாராவது எனக்கு இரண்டு வரியில் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே ஓடியிருப்பேன். நான் டாக்டர் இல்லை. இங்கே எழுதுவதெல்லாம் ஐசியூவிலும் அதற்குப் பிறகு மூன்று வருடமாகக் குழந்தைகள் இதயப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்தும், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நான்காம் நாள் ஒன்றும் இல்லை, நன்றாகக் குடித்தாள், நன்றாக அழுதாள். ஐந்தாம் நாள் மெல்ல மாறியது. இருபது நிமிடத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டு விடுகிறவள், முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தாள். நான்கு உறிஞ்சல், ஒரு ஓய்வு, மறுபடி மூன்று உறிஞ்சல், பிறகு கண் சொருகல். நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "முதல் வாரம் குழந்தைகள் தூங்கத்தான் செய்யும், பால் நன்றாகச் சுரக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும்" என்றார்கள். கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்தப் போனில் நான் சொன்னது என்ன என்றும் நினைத்துப் பார்க்கிறேன். "சரியாகக் குடிக்க மாட்டேங்கிறா" என்று மட்டும்தான் சொன்னேன். எத்தனை நிமிடம் ஆகிறது என்று சொல்லவில்லை, வியர்வையைச் சொல்லவில்லை, நேற்று இப்படி இல்லை என்று சொல்லவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மாடிப்படி ஏறுவது மாதிரி என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். பெரியவர்கள் மூச்சு வாங்குகிறது என்று சொல்வதை, குழந்தை பாலை விட்டுவிட்டுத்தான் சொல்லும்.

ஆறாம் நாள் காலை டயப்பர் மாற்றும்போது என் அம்மா அவளுடைய பாதத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "ஏன்டி, கால் இப்படிச் சில்லுனு இருக்கு? கை நல்லாத்தானே சூடா இருக்கு?" நான் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். சாக்ஸ் போட்டோம். அதற்கு மேல் இன்னொரு சாக்ஸ். போர்வையைக் காலில் சுற்றினோம். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினால் கால் அப்படியே சில்லென்று இருந்தது, கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி நிறமும். கையும் காலும் சேர்ந்து குளிர்ந்தால் அறை குளிர்கிறது என்று நினைக்கலாம். கை சூடாகவும் கால் மட்டும் குளிர்ந்தும் இருப்பதுதான் அந்த நோயே. அம்மாவின் விரல்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன, எங்களுக்குத்தான் அதற்குப் பெயர் தெரியவில்லை. எட்டு முறை நனைந்துகொண்டிருந்த டயப்பர் அன்று மூன்று முறைதான் நனைந்தது. பால் கம்மியாகக் குடித்ததால் என்று நினைத்தோம். சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவில்லை என்று யாருக்குத் தோன்றும்?

ஏழாம் நாள் மாலை, தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 72. மறுபடி எண்ணினேன். 74. கணவர் சாவியை எடுத்தார்.

எமர்ஜென்சியில் அவர்கள் முதலில் நினைத்தது கிருமித்தொற்று. அதில் தப்பு சொல்ல முடியாது, ஒரு வாரக் குழந்தை சுருண்டுபோய், நிறம் மாறி, வேகமாக மூச்சு விட்டுக்கொண்டு வந்தால் முதலில் நினைக்க வேண்டியதும் அதுதான். ரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். ரத்தத்தில் லாக்டேட் 9 என்று வந்தது. திசுக்களுக்கு ரத்தம் போதாமல் போனால் ஏறுகிற அமிலம் அது, 2க்குள் இருந்தால் நிம்மதி.

அப்போது ஒரு மூத்த டாக்டர் வந்தார். அவர் செய்ததை நான் அணு அணுவாக நினைவில் வைத்திருக்கிறேன். மானிட்டரைப் பார்க்கவில்லை. ஒரு கையின் இரண்டு விரல்களை அவளுடைய வலது முழங்கை மடிப்பில் வைத்தார். இன்னொரு கையின் இரண்டு விரல்களைத் தொடை இடுக்கில், டயப்பர் விளிம்புக்குச் சற்று மேலே, வெறுமே ஒற்றி வைத்தார். அழுத்தவில்லை, குழந்தையின் நாடி அழுத்தினாலே மறைந்துவிடும் என்று அப்புறம் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிடம் இருக்கும். அடுத்த பக்கத் தொடைக்கு மாற்றினார். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, "நாலு கை காலிலயும் பிபி எடுங்க" என்றார். வலது கையில் மேல் எண் 94, இடது கையில் 91. கால்களில் 52, 50.

"எக்கோவுக்கு ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பிராஸ்டாகிளாண்டின் ஆரம்பிச்சிடுங்க" என்றார். எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். அப்புறம் என்னிடம் வந்து, "அம்மா, இது இதயம்னு நினைக்கிறேன். காலுக்குப் போற ரத்தம் எங்கேயோ தடைபடுது. ஒரு கதவு மூடிக்கிட்டிருக்கு, அதை மருந்து கொடுத்துத் திறந்து வைக்கப் போறோம்" என்றார்.

அந்தக் கதவுதான் எல்லாவற்றுக்கும் மையம். கருப்பையில் குழந்தை மூச்சு விடுவதில்லை, அதனால் நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, டக்டஸ் என்கிற ஒரு குறுக்குவழியில் திரும்பி, நேராகப் பெருந்தமனியின் இறங்கும் பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் இந்தக் குறுக்குவழிக்கு வேலை இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூடிவிடும், சிலருக்கு இன்னும் சில நாள் ஆகும். கோஆர்க்டேஷன் வருகிற இடம் அந்தக் குறுக்குவழி வந்து சேர்கிற வாசலுக்கு நேர் எதிரில். டக்டஸ் திறந்திருக்கும் வரை அந்த வாசலின் அகலமும் சேர்ந்துகொள்வதால் ரத்தம் எப்படியோ சுற்றிக்கொண்டு போய்விடும். டக்டஸ் மூடும்போது அதே திசு பெருந்தமனியின் சுவரையும் உள்ளே இழுக்கிறது. இருந்த கொஞ்ச வழியும் போய்விடுகிறது. அதனால்தான் மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் செய்தபோது பரிசோதித்த டாக்டர் "தொடை நாடி நன்றாக இருக்கிறது" என்று ஃபைலில் எழுதியிருந்தார். அவர் பொய் எழுதவில்லை. அன்றைக்கு அது நன்றாகவே இருந்திருக்கும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாராவது மனதில் எடுத்துக்கொண்டால்கூட நான் எழுதியதற்குப் பலன் உண்டு. பச்சைக் குழந்தையின் இதயப் பரிசோதனை எதுவாக இருந்தாலும், அது எடுத்த அந்த மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. முதல் இரண்டு வாரத்தில் உள்ளே வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அப்புறம் அந்த 98, 97. கையிலும் காலிலும் ஒட்டிய அந்த மெஷின் பார்ப்பது ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை. எவ்வளவு ரத்தம் வந்து சேர்கிறது என்பதை அது சொல்லாது. என் மகளுடைய நுரையீரல் நன்றாக வேலை செய்தது, ரத்தம் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது, போய்ச் சேர்வதில்தான் சிக்கல். வழக்கமான விதி என்னவென்றால், பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் பார்ப்பார்கள். 95க்குக் குறையாமல், இரண்டுக்கும் வித்தியாசம் 3க்கு மேல் போகாமல் இருந்தால் பாஸ். 90க்குக் கீழே போனால் உடனே டாக்டர் பார்த்து எக்கோ எடுப்பார்கள். நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வலது கை ஏன் என்றால், அதற்குப் போகும் ரத்தக்குழாய் டக்டஸ் சேருமிடத்துக்கு முன்னாலேயே பிரிகிறது, கால் அதற்குப் பின்னால். 2012இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து, உயிருக்கு ஆபத்தான இதயக் குறைபாடுகளில் நூற்றுக்குச் சுமார் 76ஐ இந்தப் பரிசோதனை பிடிக்கிறது என்று சொன்னது. மிகப் பெரிய விஷயம் அது. தப்பிப்போகும் மீதியில் முன்வரிசையில் நிற்பது கோஆர்க்டேஷன்.

இதயத்தில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்தால் முணுமுணுப்புச் சத்தம் கேட்குமே என்று பலர் கேட்கிறார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. இதயம் மிகவும் சோர்ந்துபோன நிலையில் தள்ளுகிற வேகமே இல்லாவிட்டால் சத்தமும் இருக்காது. பிபி வித்தியாசமும் அப்படித்தான், கை கால் எல்லாமே மெலிந்து ஒன்றுபோல் ஆகிவிடலாம். கைக்கும் காலுக்கும் 20க்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்பட வேண்டும், வித்தியாசம் வராவிட்டால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது, இதுதான் டாக்டர் சொன்னது. இன்னொன்றும் சொன்னார், சில குழந்தைகளுக்கு வலது கைக் குழாயே இடம் மாறி சுருக்கத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பும், அப்போது வலது கையையும் காலையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, கழுத்து நாடியைத்தான் பார்க்க வேண்டும் என்று.

மருந்து ஏறி இரண்டு மணி நேரம் இருக்கும், என்னை உள்ளே விட்டார்கள். பாதத்தைத் தொட்டேன். சூடு. முழு சூடு இல்லை, ஆனால் அது என் மகளின் கால். காலையில் கதீட்டர் பையில் சிறுநீர் சேர ஆரம்பித்திருந்தது. அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்து நான் அழுதேன். பிராஸ்டாகிளாண்டினுக்கு ஒரு பக்க விளைவு உண்டு, குழந்தை மூச்சு விடுவதை நடுநடுவே நிறுத்திவிடும். அவளும் நிறுத்தினாள். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வெண்டிலேட்டர் போட்டபோது நாங்கள் உடைந்துபோகவில்லை. காய்ச்சலும் உடம்பு சிவப்பதும்கூட அந்த மருந்தால் வரலாம். 1970களின் நடுவில்தான் இந்த மருந்து டக்டஸைத் திறந்து வைக்கும் என்று குழந்தைகளிடம் பயன்படுத்த ஆரம்பித்திருக்கிறார்கள். கோஆர்க்டேஷனுக்கு அறுவை சிகிச்சையே 1944இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் செய்ததுதான் முதல். அதற்கு முன் இப்படிப் பிறந்த குழந்தைகளின் அம்மாக்களை நினைத்துக்கொண்டேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எக்கோவில் கழுத்துக் குழியில் கருவியை வைத்து வளைவை நீளவாக்கில் பார்த்தார்கள். வளைவின் கடைசிப் பகுதி மெலிந்து, பின்சுவரிலிருந்து ஒரு மடிப்பு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. வயிற்றுக்கு இறங்கும் குழாயில் ரத்தம் துள்ளித் துள்ளிப் போக வேண்டியது, ஒரே சோம்பலாக ஓடியது. வயிற்றுக் குழாயில் அந்த ஓட்டத்தைப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும் என்றார் எக்கோ எடுத்தவர். பெருந்தமனி வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. இது கோஆர்க்டேஷனோடு அடிக்கடி சேர்ந்து வருவதாம். வளைவை முழுசாகப் பார்க்க சிடி ஸ்கேனும் எடுத்தார்கள்.

கர்ப்பத்தில் ஸ்கேன் எடுக்கவில்லையா என்று எல்லாரும் கேட்டார்கள், உறவினர்கள் கொஞ்சம் குற்றம்சாட்டும் குரலிலேயே. எடுத்தோம். 20 வாரத்தில் இதயத்தின் நாலு அறையும் சரியாக இருந்தது. 32 வாரத்தில் இடது அறையைவிட வலது அறை சற்றுப் பெரிது, இயல்புக்குள்தான் என்று எழுதியிருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அது ஒரு தடயம். ஆனால் கோஆர்க்டேஷன் வருகிற அந்தக் குறுகலான பகுதி வழியாகக் கருவில் மிகக் கொஞ்சம் ரத்தம்தான் போகிறது, டக்டஸ் அகலமாகத் திறந்திருக்கிறது, அதனால் பிறக்கும் முன் உறுதியாகச் சொல்வது கஷ்டம். சந்தேகப்பட்ட பல குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு ஒன்றும் இருப்பதில்லை, சந்தேகமே வராத குழந்தைகளுக்கு இருக்கிறது. நாலு அறைகளோடு நிறுத்தாமல், வெளியே போகும் பெரிய குழாய்களையும் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் அவை சேரும் கோணத்தையும் பார்த்தார்களா என்று கேட்பது நல்லது. வளைவுக் கோளாறுகளில் பல அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு வளைவு சுருங்கவில்லை, நடுவில் அறுந்தே இருந்தது. இரண்டு துண்டுக்கும் தொடர்பே இல்லை, கீழ் உடம்பு முழுக்க டக்டஸை நம்பித்தான். அந்தக் குழந்தைக்கு ஸ்கிரீனிங்கில் கை 97, கால் 86. ஒரே உடம்பில் இரண்டு விதமான ரத்தம். காலில் மட்டும் பார்த்திருந்தால் நுரையீரல் கோளாறு என்று குழம்பியிருக்கலாம், கையில் மட்டும் பார்த்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அறுந்த வளைவில் மூன்று வகை உண்டு, எந்தக் கிளைக்குப் பிறகு அறுந்திருக்கிறது என்பதை வைத்து ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு இருந்தது பி வகை. அந்த வகை என்றாலே 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள், விடுபட்டிருந்தது. கால்சியம் குறைந்து வலிப்பும் வந்தது. எதிர்ப்புச் சக்தி பலவீனமாக இருக்கலாம் என்பதால் ரத்தம் ஏற்றும்போதுகூடக் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் கேட்டார்கள். குறைபாடு இதயத்தில் மட்டும் நிற்காது என்பதை அந்தக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டேன். பெண் குழந்தைக்குக் கோஆர்க்டேஷன் என்பதால் எங்கள் மகளுக்கு டர்னர், அதாவது பெண் குழந்தைகளுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைகிற நிலை, இருக்கிறதா என்று குரோமோசோம் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. உங்களிடம் யாரும் இதைக் கேட்காவிட்டால் நீங்களே கேட்கலாம்.

ஃபாலோஅப் வரிசையில் சந்தித்த ஓர் அம்மாவின் கதை வேறு மாதிரி. பெருந்தமனி இரண்டு வளைவாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டது. அந்தக் குழந்தைக்கு ஆக்சிஜன் நன்றாக இருக்கும், நாடி நன்றாக இருக்கும், இதய எக்கோவில் அறைகள் எல்லாம் சரி. மூச்சு மட்டும் கர்ர் கர்ர் என்று இழுக்கும், பால் குடிக்கும்போது அதிகமாகும். மாதக்கணக்கில் நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உணவுக்குழாயில் இரண்டு பக்கமும் பள்ளம் தெரிந்தபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பிறந்ததிலிருந்தே சத்தமாக மூச்சு விடுகிற, மருந்துக்கு அசையாத குழந்தை என்றால் வளைவையும் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யவில்லை. சிறுநீரகமும் இதயமும் தேறட்டும் என்று நாலைந்து நாள் மருந்திலேயே வைத்திருந்து, பன்னிரண்டாம் நாள் செய்தார்கள். இடது விலாப் பக்கம் திறந்து, சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மெலிந்த வளைவின் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கீறி, இரண்டு முனையையும் அகலமாக வைத்துத் தைத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல். வெளியே வந்தபோது பிபி அதிகமாக இருந்தது, சில நாள் மருந்து போனது. அழுகை சத்தமே வரவில்லை, காற்று மட்டும் வரும். குரல் நரம்பு அந்த வளைவைச் சுற்றித்தான் போகிறது, இழுபட்டிருக்கும் என்றார்கள். இரண்டு மாதத்தில் குரல் வந்தது. பால் புரையேறாமல் இருக்க அதுவரை படாத பாடு. ஐந்தாம் மாதம் தைத்த இடம் கொஞ்சம் சுருங்கியது, தொடை வழியாகக் குழாய் விட்டு பலூனால் விரித்தார்கள். பச்சைக் குழந்தையாக இருக்கும்போது செய்துகொண்டவர்களுக்கு இப்படித் திரும்ப வருவது உண்டு, எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆயுளுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது.

இனி, புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு. டிஸ்சார்ஜ் ஆகும் முன் "தொடை நாடி பார்த்தீர்களா" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒருவாரச் செக்கப்புக்குப் போகும்போது மறுபடி கேளுங்கள், அந்த இரண்டாவது தடவைதான் முக்கியம். வீட்டில் நீங்களே தொடை நாடி பார்த்துப் பழக வேண்டியதில்லை, குழம்பிப்போவீர்கள். பெரியவர்கள் விரலில் மாட்டும் கிளிப் மெஷினைக் குழந்தைக்கு மாட்டாதீர்கள், அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. உங்களிடம் இருக்கும் கருவிகள் வேறு. ஒவ்வொரு முறையும் பால் குடிக்க எத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர், இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள், முதல் பத்து நாளுக்காவது. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், பச்சைக் குழந்தைகள் விட்டு விட்டு மூச்சு விடுவதால் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாக வரும். 60க்கு மேல் தொடர்ந்து இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். கையையும் காலையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். உதடு, நாக்கு நீலமானால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் நீலம் வராததால் இதயக் கோளாறு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் மகள் ஒரு நிமிடம்கூட நீலமாகவில்லை, வெளிறிச் சாம்பலாகத்தான் ஆனாள்.

டாக்டரிடம் பேசும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். "சரியில்லை" என்ற சொல் எதையும் சொல்வதில்லை. "ஏழு நாள் குழந்தை, முந்தாநாள் வரை இருபது நிமிடத்தில் குடித்தாள், இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது, வியர்க்கிறது, கை சூடு கால் சில்லிப்பு, நேற்றிலிருந்து மூன்று டயப்பர், மூச்சு 72." இப்படிச் சொன்னால் கேட்பவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். மூச்சு விடுவதையும் பால் குடிப்பதையும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்திருங்கள், நீங்கள் போகும் நேரத்தில் குழந்தை அமைதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். கிருமித்தொற்று என்று சிகிச்சை ஆரம்பித்தால் சரி என்று சொல்லுங்கள், கூடவே "இதயமாகவும் இருக்குமா, நாலு கை காலிலும் பிபி எடுத்தீர்களா" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

இந்த வருடம் எங்களுக்கு இரண்டாவது குழந்தை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ பிறவி இதயக் குறைபாடு இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், பெருந்தமனிப் பக்கக் கோளாறுகளில் அது இன்னும் கொஞ்சம் கூடுதல். அதனால் 20 வாரத்தில் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எடுத்தோம். வளைவு நன்றாகத் தெரிகிறது, ஆனால் கோஆர்க்டேஷன் இல்லவே இல்லை என்று பிறக்கும் முன் கையெழுத்துப் போட முடியாது என்றார் டாக்டர். அப்படிச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அவரையே எழுதித் தரச் சொன்னேன்: முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் தொடை நாடியும் கை கால் பிபியும், டக்டஸ் மூடியது உறுதியான பிறகு ஒரு எக்கோ. பையன் பிறந்து மூன்றாம் நாள் எடுத்த எக்கோவில் டக்டஸ் இன்னும் ஒரு நூல் அளவுக்குத் திறந்திருந்தது. "வளைவு நல்லா இருக்கு, வீட்டுக்குப் போகலாம், ஆனா வர்ற வாரம் மறுபடி வாங்க" என்றார்கள். ஒன்பதாம் நாள் போனோம். டக்டஸ் முழுசாக மூடியிருந்தது. வளைவு ஒரே அகலமாக வளைந்து இறங்கியது. எக்கோ எடுத்தவர் அந்தப் படத்தை நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் மகள் தம்பியின் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கும்மா" என்றாள். வீட்டில் நாங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியிருக்கிறாள்.